கூடமாட ஒத்தாசை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் உறை இடது மூலையில் தையல் விட்டிருக்கிறது. தைத்தவர் ஓரத்தை மடிக்காமல் ஒற்றைத் தையலோடு நிறுத்திவிட்டார். உட்கார உட்கார அது விட்டுக்கொண்டேதான் போகும். வந்ததிலிருந்து என் கண் அங்கேயே நிற்கிறது, தவறாக நினைக்க வேண்டாம். பாதி ஆயுளைச் சீட் கவரும் தார்ப்பாயும் தைத்தே கழித்தவளுக்குக் கண் அப்படித்தான் போகும்.

சரி, வந்த விஷயம். ஏரியில் மிதந்த டிரெய்லரைப் பற்றி நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கணவர் நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அதைக் கூடத்தில் நின்று எனக்கு ஒருமுறை நடித்தும் காட்டினார். குடிதண்ணீர் ஏரியில் அனுமதியில்லாமல் வண்டியை இறக்கியது தப்புதான், ஆனால் அது திட்டமிட்டுச் செய்த மிதவைச் சோதனை, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று சொன்னாராம். நீங்களே எழுந்து கைகொடுத்தீர்களாம். அந்த வாக்குமூலத்தில் சில திருத்தங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் வந்தேன்.

என் கணவரைத் ‘தளபதி’ என்று ஊரே கூப்பிடுவதால் அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை. ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். படுக்கை விரிப்புகளை எண்ணி உள்ளே அனுப்புவதும் எண்ணி வெளியே வாங்குவதும் வேலை. நல்ல வேலைதான், நான் குறைசொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் அவரும் தங்கமான மனிதர். மாலையில் என் பட்டறைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். எனக்கு அது பிடிக்கும். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் டிரெய்லர் வந்தது. ராணுவம் கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் விடும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனவர், அதோடு திரும்பி வந்தார். இரண்டு சக்கரம், ஆழமான இரும்புத் தொட்டி, முன்னால் ஜீப்பில் மாட்டுவதற்குக் கனத்த ஒரு வளையம். பக்கவாட்டில் வெள்ளை மையில் எண்கள். பின்பக்கத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. அது போர்க்களத்தில் குண்டு பட்ட இடம் என்றார். ஏதோ கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி இடித்திருக்கும் என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

இதைக் காடு மலையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்த் தங்குகிற வண்டியாக மாற்றப்போவதாக அறிவித்தார். உள்ளே படுக்கை, இழுத்தால் வெளியே வரும் அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, மேலே வளைவுக் கம்பிகளில் கேன்வாஸ் கூடாரம். ரோடு இல்லாத இடமெல்லாம் போகலாமாம். எனக்கு ரோடு இருக்கிற இடமே போதும் என்று சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

டிரெய்லர் நிற்க இடம் வேண்டுமே. வீட்டை ஒட்டிய ஷெட்தான் என் பட்டறை. அங்கேதான் என் இரண்டு மெஷின்களும், துணி வெட்டுகிற நீள மேஜையும், வாசலுக்கு மேலே என் பெயரெழுதிய பலகையும் இருந்தன.

“கொஞ்ச நாளைக்குத்தாம்மா. மேஜைய மட்டும் வெளிய எடுத்துப் போட்டுக்கோ” என்றார்.

மேஜை தகரச் சாய்ப்புக்குக் கீழே போனது. பிறகு ஒரு மெஷின் போனது. பிறகு, வண்டியைச் சுற்றி நடக்க வேண்டும் என்பதற்காக நானும் போனேன். மழைக் காலத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் துணியுமாக லாரித் தார்ப்பாய் தைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குள் அவர் மாறிப்போயிருந்தார். எங்கிருந்தோ ஒரு பச்சைத் தொப்பி வந்தது. கழுத்தில் கயிற்றில் ஒரு விசில் தொங்கியது. காலையில் ஒரு விசில் அடித்தால் டீ, இரண்டு அடித்தால் வெந்நீர். ‘தளபதி’ என்று முதலில் கேலியாகக் கூப்பிட்டது அவர் தங்கையின் வீட்டுக்காரர்தான். இவர் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வேலையை யார் செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இதில்தான் உங்களுக்குத் தவறான தகவல் வந்திருக்கிறது.

படம் வரைந்தது அவர். அது உண்மை. வெல்டிங் அடுத்த தெரு வெல்டர் செய்தார். துருவைச் சுரண்டியது நான். பிரைமர் அடித்தது நான். பச்சைப் பெயின்ட் முன்பக்கத்துக்கு அவர் அடித்தார், ஏனென்றால் வருகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் அடிப்பக்கமும் நான். கூடாரம் முழுக்க என் கைவேலை. கனத்த கேன்வாஸ், மெழுகு நூல், மடித்து மடித்து இரட்டைத் தையல். கூடாரத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டியின் விளிம்போடு ரப்பர் பட்டை வைத்துச் சேர்த்ததும் நான்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தையல் முடிகிற இடத்தில் சிவப்பு நூலில் மூன்று முறை பின்தையல் போட்டு முடிச்சிடுவேன். என் வேலை என்று தெரிந்துகொள்ள, அவ்வளவுதான். பேர் வாங்குவதற்காக இல்லை. தளபதி அதைப் பார்த்துவிட்டு, ராணுவத்தில் சிவப்புக்கு இடமில்லை என்று ஒரு பிளேடை எடுத்து ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தார். நான் திரும்பவும் பச்சை நூலில் போட்டேன்.

அப்புறம் தொட்டியின் தரை. அந்த மாதிரி வண்டிகளில் கழுவிவிட்ட தண்ணீர் போவதற்காகத் தரையில் இரண்டு துளைகள் இருக்கும், அதற்குப் பித்தளையில் திருகு மூடிகள் உண்டு. அவற்றைத் தவிரத் துரு தின்ற பொத்தல்கள் வேறு ஏராளம். வெல்டர் பெரியவற்றை அடைத்தார். மூட்டுகளையும் ஊசித் துளைகளையும் ரப்பர் பசையும் கேன்வாஸ் பட்டையும் வைத்து நான் அடைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. தார்ப்பாய் தைத்து முடித்ததும் நான்கு மூலையையும் தூக்கிக் கட்டி, நடுவில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்துவைப்போம். மறுநாள் தாளில் ஈரம் இருந்தால் கூலி கேட்க மாட்டேன். டிரெய்லரையும் அப்படியே சோதித்தேன். குழாயைப் போட்டு விளிம்புவரை நிரப்பினேன். மறுநாள் குனிந்து பார்த்தால் தாள் மொரமொரவென்று அப்படியே இருந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாத வண்டி, வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளேயும் விடாது. வேறொன்றும் நினைக்கவில்லை. நல்ல வேலை செய்த திருப்தியோடு போய் டீ போட்டேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். அண்டை வீட்டார், பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள், யார் யாரோ. தளபதி ஒவ்வொருவருக்கும் ஷெட் கதவைத் திறந்து, டிராயரை இழுத்து, கூடாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

“இந்தக் கூடாரம் யார் தச்சது?” என்று கேட்பார்கள்.

“எல்லாம் நாந்தான். அவளும் கூடமாட ஒத்தாசை பண்ணினா.”

நான் பக்கத்தில் டீ டிரேயோடு நிற்பேன். கூடமாட ஒத்தாசை. அந்த இரண்டு வார்த்தையை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. நான் பேருக்கு அலைகிறவள் இல்லை, ஐயா. கடைசி வாடிக்கையாளர்வரை கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது திட்டத்தைச் சொன்னார். ஒரு வருஷம். இரண்டு பேரும் டிரெய்லரிலேயே. வீட்டைப் பூட்டிவிடுவது. ஷெட்டை மெத்தை வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக விட்டுவிடுவது. அதை ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார். என் வாடிக்கையாளர்களுக்கும் போன் போட்டு, கடை மூடுகிறது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். லாரிக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்து, உடம்புக்கு என்னம்மா என்று கேட்டபோதுதான் எனக்கே புரிந்தது.

“கடைய மூட வேண்டாங்க. நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்” என்றேன்.

“தனியா போனா அடுப்படிய யாரு பாக்கறது?”

“ஒரு வருஷம் கழிச்சு வந்தா ஒரு வாடிக்கைகூட இருக்காதுங்க. திரும்பவும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்கு வயசில்ல.”

“நீ எதுக்கும்மா கவலப்படறே? டிரெய்லர்ல உனக்குன்னு தனியா ஒரு டிராயரே ஒதுக்கியிருக்கேன்.”

அவர் அதை அன்போடுதான் சொன்னார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நான் சண்டை போடுகிற ரகம் இல்லை என்பதால் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாரம்தான் கூடாரத்தின் வாசலுக்கு ஜிப் தைத்தேன். பெரிய ஜிப், இரண்டு பக்கமும் பிடி வைக்க வேண்டியது. வெளிப்பிடியைப் போட்டேன். உள்பிடியைப் போடவில்லை. மறதி என்று உங்களிடம் சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் திருத்தம் சொல்ல வந்துவிட்டு நானே பொய் சொல்லக் கூடாது. பிடி என் கையில் இருந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கைப்பையில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றே நினைத்தேன். அவர் தூங்கும்போது வாசலைத் திறந்தே வைப்பார் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இனி ஏரி. வருஷப் பயணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் என்று கிளம்பினோம். அவர், நான், என் நாத்தனார், அவள் வீட்டுக்காரர். டிரெய்லரை இழுத்தது நாத்தனார் வீட்டுக்காரரின் ஜீப். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஏரியின் ஓரத்தில் பழைய படகுத்துறைச் சரிவு ஒன்று இருக்கிறது. ஒழுங்காகச் சமதரையில் நிறுத்தியிருக்கலாம். கண் விழித்ததும் தண்ணீர் தெரிய வேண்டும் என்று அந்தச் சரிவில், பின்பக்கம் ஏரியைப் பார்க்க நிறுத்தச் சொன்னார்.

“சரிவா இருக்கேங்க” என்றேன்.

“ராணுவ வண்டிம்மா இது. மலையிலயே நின்ன வண்டி.”

ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார். ஜீப்பைக் கழற்றிவிட்டார். அந்த லிவரை மட்டும் தொட்டுவிடாதே, இப்படி அழுத்தி இப்படி இறக்கினால் பிரேக் விட்டுவிடும் என்று எனக்கு விளக்கமாகச் சொல்லியும் கொடுத்தார். அவர் சொல்லித் தராமல் எனக்கு அது தெரிந்திருக்காது. இந்த அளவுக்கு அவர் பங்கை நான் மறைக்கவில்லை.

மதியம் சாப்பிட்டோம். நாத்தனார் கூடாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணி, இவ்வளவு நீட்டா தச்சிருக்கீங்களே” என்றாள். அவள் நல்ல பெண். தளபதி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, “தச்சது நானு. உங்க அண்ணி கூடமாட ஒத்தாசை பண்ணினா” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்தேன்.

சாப்பிட்டதும் நாத்தனார் வீட்டுக்காரர் ஐஸ் வாங்கிவர ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். நாத்தனார் போட்டோ எடுக்கக் கரையோரமாக நடந்தாள். தளபதி டிரெய்லருக்குள் ஏறி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் தூங்குகிறவர் அவர். அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை.

டீ போடலாம் என்று கோப்பைகளைத் தேடினேன். எனக்கென்று ஒதுக்கிய டிராயரில் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரை நான் அதைத் திறந்ததில்லை. இழுத்தேன். நன்றாக வழுக்கிக்கொண்டு வந்தது. கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். டிராயரின் அடிப்பலகையில் எழுத்து தெரிந்தது. தலைகீழாக. முதலில் புரியவில்லை, பிறகு தலையைச் சாய்த்துப் படித்தேன். என் பெயரின் பின்பாதி, அதற்குக் கீழே ‘இருக்கை உறைகள், கூடாரங்கள்’ என்பதில் ‘உறைகள்’ மட்டும். என் கடைப் பலகையை அளவாக அறுத்து அடியில் போட்டிருந்தார். பெயின்ட் அடிக்கக் கழற்றியிருக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்த பலகை. நல்ல கனமான பலகைதான், வீணாக்க மனம் வந்திருக்காது. முன்பாதி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அப்போது கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. டிராயரைத் தள்ளி மூடினேன். கரையில் இறக்கி வைத்திருந்த ஸ்டவ்வில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வண்டிக்குக் கீழே குனிந்து பித்தளை மூடிகள் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சரியாக இருந்தது. மற்றது வழியில் குலுங்கியதில் தளர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் விரலால் அதைத் திருப்பிக்கொண்டே யோசித்தேன். ஒரு பக்கம் திருப்பினால் கழன்று வந்துவிடும். பிறகு ஸ்பேனரை எடுத்துவந்து இறுக்கமாக மூடினேன். அவர்மேல் இரக்கப்பட்டு என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. என் கையால் அடைத்த தரை ஒழுகியது என்று நாளை ஒருவர் சொல்லக் கூடாது, அதற்காகத்தான்.

வாசலில் ஈக்கள் வந்துகொண்டிருந்தன. ஜிப்பை இழுத்து மூடினேன். ஒரு கல்லை எடுத்தேன், இன்னொரு கல்லை எடுத்தேன். லிவரை இப்படி அழுத்தி, இப்படி இறக்கினேன்.

வண்டி கொஞ்ச நேரம் நகரவே இல்லை. லேசாகத் தோளைக் கொடுத்தேன். அப்புறம் தானாக நகர்ந்தது, ஆள் தூங்குகிறாரே என்று மெதுவாகப் போவதுபோலப் போனது. சக்கரம் தண்ணீரில் இறங்கியது, தொட்டி இறங்கியது, ஒரு தளும்பு தளும்பியது, பிறகு மிதந்தது. ஐயா, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயவில்லை. தண்ணீர்க் கோடு நான்கு பக்கமும் ஒரே மட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான், பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். அந்த மாதிரி வார்த்தையெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கடை இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் பயந்துபோய் மனம் மாறி எழுந்தால் கடை இருக்கும். எழுந்திருக்காமலே போனாலும் கடை இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தைக்கத் தெரியும் என்றும் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

டீயைக் குடித்தேன். நிதானமாகத்தான். கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாத்தனார் திரும்பி வந்தாள். வண்டி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“அண்ணி, அண்ணன் எங்க?”

“ஏரியில.”

“குளிக்கிறாரா?”

“தூங்குறாரு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வண்டி ஏரியின் நடுவுக்குப் போயிருந்தது. அவள் போட்ட கூச்சலில் கரையிலிருந்த பறவையெல்லாம் எழும்பின. நல்ல வேளையாக ஒரு போட்டோவும் எடுத்தாள். பயத்தில் விரல் பட்டுவிட்டது என்கிறாள். பத்திரிகையில் வந்தது அதுதான்.

அந்தக் கூச்சலில் அவர் எழுந்துவிட்டார். முதலில் ஒரு விசில் கேட்டது. டீக்கு. பதில் இல்லை என்றதும் இரண்டு விசில். பிறகு விடாமல் விசில். கூடாரம் உள்ளிருந்து புடைத்தது, இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு முழங்கால். ஜிப்புக்கு உள்ளே பிடி இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். உதைத்தார். நன்றாகவே உதைத்தார், கரையிலிருந்தே தெரிந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. நான் அந்த மடிப்புகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீரேற்று நிலையத்திலிருந்து காவலாளியும் படகோட்டியும் போய்க் கரைக்கு இழுத்துவந்தார்கள். படகோட்டி ஜிப்பைத் திறந்தார். தளபதி வேர்த்து விறுவிறுத்து, தொப்பி கோணலாக, முகம் வெளுத்து எழுந்து நின்றார். கரையில் அதற்குள் சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். புரியட்டும் என்று நானும் அவர் கண்ணை விட்டு விலகவில்லை.

அப்போது படகோட்டி, “என்ன சார், ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள வரல! யாரு பண்ணின வண்டி?” என்றார்.

தளபதி தொப்பியை நேராக்கினார்.

“எல்லாம் நாந்தான். இன்னிக்கு மெதக்குதான்னு சோதனை பண்ணிப் பாத்தேன். சோதனை வெற்றி.”

கூட்டம் கைதட்டியது. ஐஸ் வாங்கிக்கொண்டு வந்த நாத்தனார் வீட்டுக்காரரும் என்ன ஏது என்று தெரியாமலே கைதட்டினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், ஜிப்புக்குப் பிடி வைக்காமல் விட்டதுகூடத் தண்ணீர் புகாமல் இருப்பதற்குத் தானே செய்த ஏற்பாடு என்று தளபதி விளக்கிக்கொண்டு வந்தார். பாதி தூரம் போவதற்குள் அவரே அதை நம்பிவிட்டார். பொய் சொல்கிறவரை மடக்கலாம். நம்பிவிட்டவரை என்ன செய்வது?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பத்திரிகை, தொலைபேசி, வீட்டு வாசலில் ஆட்கள். எங்களுக்கும் மிதக்கிற டிரெய்லர் வேண்டும் என்று கேட்கிறார்கள். வருஷப் பயணம் ரத்து. மெத்தை வியாபாரிக்கும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஆக, நான் நினைத்தபடியே ஷெட் தப்பிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம், இருக்கவும் நினைத்தேன். வெட்டு மேஜையைக்கூட அவரே உள்ளே தூக்கிவந்து போட்டார். எனக்கென்று நினைத்து ஒரு துணியை எடுத்து விரித்தேன். அதன்மேல் அவர் தன் தொப்பியையும் போட்டோவையும் வைத்து, வருகிறவர்கள் இங்கே உட்கார்ந்து பேசட்டும் என்றார்.

நேற்று மாலை, இங்கிருந்து திரும்பியதும், புதுப் பலகையை மாட்டினார். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. ‘தளபதி மிதவை டிரெய்லர்கள்’. தைக்கிறவள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று ஒரு மூலையிலும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நான் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்களிடம் என்ன சொன்னார் என்பதை நடித்துக் காட்டினார். என்னையும் கௌரவிக்கிற மாதிரி ஒரு வரி கடைசியில் சேர்த்தாராம்.

“உம்பேரும் வரணும்னு, கூடமாட ஒத்தாசை பண்ணினான்னு சொல்லிட்டு வந்திருக்கேம்மா” என்றார்.

ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார். நான் காலையில் குளித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு, நேராக இங்கே வந்துவிட்டேன்.

இதோ, இதுதான் அந்த ஜிப்பின் உள்பிடி. பொருத்திப் பாருங்கள், சரியாக இருக்கும். வண்டியை ஆய்வு செய்யப் போனால் கூடாரத்தின் வாசலுக்கு மேலே, மடிப்பின் உட்புறம் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பிளேடுக்கு எட்டாத ஒரு சிவப்பு முடிச்சு அங்கே இருக்கிறது. வேறு சாட்சி தேவைப்படாது. என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் வேலை. உள்ளே தையல் மெஷின் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். கொடுத்தால் முதலில் இந்த நாற்காலி உறையை அனுப்பிவையுங்கள்.

எனக்குப் பேர் வேண்டும் என்றெல்லாம் இல்லை, ஐயா. எழுதுவதைத் தெளிவாக எழுதினால் போதும். துளையை அடைத்தது நான். கூடாரம் தைத்தது நான். மூடியை இறுக்கியது நான், ஜிப்பை மூடியது நான், கல்லை எடுத்தது நான், பிரேக்கை விட்டது நான், தள்ளியதும் நான். என் பெயரை முழுதாக, மேலே, முதல் வரியில் போடுங்கள். அவர் பெயரும் எங்காவது வந்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. கூடமாட ஒத்தாசை பண்ணினார் என்று போட்டுக்கொள்ளுங்கள். தூங்கினார்.